முறிந்தது நான்கு, வளைந்தது இரண்டு

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் டிசைன் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர்தான். அரத்தைத் தொட்டு நான்கு வருஷம் ஆகிறது. கை மறந்துவிடக் கூடாது என்று, பூட்டுத் திறக்கும் லாக் பிக் வகைகளை ஆக்சா பிளேடில் செய்து பார்க்கிறேன். ஆறு செய்தேன். நான்கு கழுத்தில் முறிந்தன, இரண்டு வளைந்துவிட்டன. முறிவதற்கு முன்பு ஒன்றை எங்கள் வீட்டுத் திண்டுக்கல் பூட்டில் விட்டுப் பார்த்தேன். உள்ளே போகிறது, ஒன்றும் நடக்கவில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் பலம் வருமா? இல்லை, ஸ்டெயின்லெஸ் தகட்டை லேசரில் வெட்டி வாங்கிக்கொள்ளலாமா? இன்னொரு விஷயம், அம்மா பயப்படுகிறார். "திருட்டுச் சாமானா செய்யறே?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நான் செய்வது தப்பா? படங்கள் இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம், கோவை)

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். முறிந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, வரிசையாக அடுக்கிப் படம் எடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் டூல் ரூமில் இருந்தேன். அதில் பாதிக் காலம் அப்ரெண்டிஸ் பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தே போனது. உடைந்த சாமானைக் கொண்டுவந்து மேஜைமேல் வைக்கிற பையனுக்கு எதையும் கற்றுக்கொடுத்துவிடலாம்.

லாக் பிக் என்பதை இனிமேல் ஊசி என்றே எழுதுகிறேன். மெல்லியதாக, நுனியில் வேலை இருக்கிற எந்தக் கருவிக்கும் எங்கள் பட்டறையில் அதுதான் பெயர்.

முறிந்த நான்கும் ஒரே இடத்தில் முறிந்திருக்கின்றன. கைப்பிடியின் அகலம் முடிந்து மெல்லிய தண்டு தொடங்குகிற கழுத்து. கிரைண்டர் கல்லின் ஓரம் அங்கே பதிந்து, 'ட' எழுத்தின் மூலை மாதிரி கூர்மையான உள்மூலை விழுந்திருக்கிறது. மூன்றாவது படத்தில் அந்த மூலையிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, தண்டுக்குக் குறுக்காக ஓடுவது நன்றாகத் தெரிகிறது. முறிவு அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டேதான் போயிருக்கிறது. முறிந்த முகம் கற்கண்டை உடைத்தாற்போல மணல்மணலாக, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கொஞ்சம்கூட வளைந்து கொடுக்காமல் படக்கென்று ஒடிந்த எஃகின் முகம் இப்படித்தான் இருக்கும்.

வளைந்த இரண்டின் கதை வேறு. தண்டில் பாதி வரை நீலம், நுனியில் நீலமும் போய் வெளிறிய சாம்பல். கிரைண்டரில் நீலத்தையும் தாண்டிச் சூடேறிப் பதம் இறங்கிவிட்டது. இனி அது சாதாரண இரும்புத் தகடு மாதிரிதான், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும்.

ஆக, ஆறும் பலம் இல்லாமல் போனதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நான்கு கெட்டது கடினம் மிஞ்சி, இரண்டு கெட்டது கடினம் தொலைந்து. தண்ணீரில் முக்குவது எதற்கும் உதவாது. 0.6 மி.மீ. தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் விட்டால் முறுக்கிக்கொள்ளும், இல்லை வெடிக்கும். தப்பிப் பிழைத்தாலும் கண்ணாடி மாதிரி ஒடியும். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதைப் பார்த்து உங்களுக்கு இந்த யோசனை வந்திருக்கலாம். அரிவாளுக்குத் தடித்த முதுகு இருக்கிறது. வாய் கடினமாகும்போது முதுகு தாங்கிக்கொள்ளும். உங்கள் ஊசிக்கு முதுகே கிடையாது.

இப்போது பிளேடுக்கு வருவோம். ஆக்சா பிளேடு என்று கடையில் ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே மூன்று வகை. முழுக்கக் கடினமானது ஒன்று. பல் மட்டும் கடினமாகவும் முதுகு வளையக்கூடியதாகவும் இருப்பது இரண்டாவது. மூன்றாவது பைமெட்டல், அதாவது ஹைஸ்பீடு ஸ்டீல் பல்லை ஸ்பிரிங் ஸ்டீல் முதுகோடு சேர்த்துப் பற்றவைத்தது. உங்கள் நான்கும் முதல் வகையில் செய்தவை என்று முறிந்த முகமே சொல்கிறது. அடுத்த முறை பிளேடை வாங்கியதும் ஒரு துணியில் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் மெதுவாக வளையுங்கள். வில் மாதிரி வளைந்து திரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். ஒடிந்தால் துணிக்குள்ளேயே ஒடியட்டும். பைமெட்டல் கிடைத்தால் பல் பக்கத்தை அறவே சாணை பிடித்துத் தள்ளிவிட்டு முதுகில் மட்டும் ஊசியை வரையுங்கள்.

கையில் இருப்பது முழுக்கடின பிளேடுதான் என்றாலும், கார்பன் ஸ்டீலாக இருந்தால் அதைச் சரிக்கட்ட வழி இருக்கிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் கை வேலையின் அழகே இருக்கிறது. பிளேடின் பெயின்டைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். சூட்டில் அது புகையும், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. பிறகு உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி மாதிரி மின்ன வையுங்கள். மின்னாவிட்டால் நிறம் தெரியாது. பழைய இரும்பு வாணலியில் நன்றாகக் காய்ந்த ஆற்றுமணலை இரண்டு விரல் உயரத்துக்குப் போட்டு அடுப்பில் வையுங்கள். கடலை வறுக்கிறவர் மணலில் போட்டு வறுப்பது எதற்காகவோ அதற்காகத்தான் இதுவும், சூடு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக ஏறும். மணலில் ஈரம் இருந்தால் தெறிக்கும், அதனால் முதலில் வெறும் மணலைக் காய வையுங்கள். மணல் சூடானதும் பிளேடுத் துண்டை அதன்மேல் படுக்க வைத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பாருங்கள்.

220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் ஏறும். 250ஐத் தாண்டினால் பழுப்பு. 270, 280க்குக் கத்தரிப்பூ நிறம். 300ஐத் தொடும்போது அது நல்ல நீலமாகத் திரும்பும். இந்த நிறங்கள் எஃகின்மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் வருபவை. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் கொல்லனுக்குத் தெர்மாமீட்டரே இதுதான். கத்தரிப்பூ நீலமாகத் திரும்புகிற அந்த நேரம் ரொம்பச் சின்னது. நீலம் வந்ததும் இடுக்கியால் எடுத்து ஒரு செங்கல்மேல் வையுங்கள், காற்றிலேயே ஆறட்டும். கடிகார ஸ்பிரிங் நீலமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே பதம். வளைத்தால் திரும்பும், சட்டென்று ஒடியாது. ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடாக இருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. நிறம் மாறும், ஆனால் 500 டிகிரிக்கு மேலும் அதன் கடினம் இறங்காது.

பதம் இறக்கிய பிறகு மறுபடி கிரைண்டரில் கெடுத்துவிடாதீர்கள். என் பையன்களுக்கு நான் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான்: ஊசியை வெறும் விரலால் பிடி, இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் தொடு. விரல் சுட்டால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. கையுறை போடவே கூடாது. சூடும் தெரியாது, கல் உறையைப் பிடித்து இழுத்தால் விரலும் மிஞ்சாது. கிரைண்டரில் உருவத்தை மட்டும் கொண்டுவாருங்கள், கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் வெளியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் அரத்தின் வேலை. நீலப் பதத்தில் இருக்கிற எஃகை நல்ல அரம் கடிக்கும், ஆனால் மெதுவாக. முன்னே தள்ளும்போது அழுத்துங்கள், பின்னே இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். நான்கு வருஷ இடைவெளியில் முதலில் மறந்துபோகிறது இந்தத் தூக்குவதுதான். இழுக்கும்போதும் தேய்த்தால் அரத்தின் பல் மொட்டையாகிவிடும். பல் இடுக்கில் தூள் அடைக்காமல் இருக்க அரத்தின்மேல் கொஞ்சம் சாக்பீஸ் தடவிக்கொள்ளலாம். அராவிய இடத்தை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விரல் பிசுக்கு பட்ட இடத்தில் அரம் வழுக்கும்.

கழுத்தை 'ட' மூலையாக விடாதீர்கள். வட்ட ஊசி அரத்தால், நதி வளைகிற மாதிரி ஒரு வளைவாக இறக்குங்கள். 3 மி.மீ. ஆரம் இருந்தால் போதும். அதன்பிறகு உப்புத்தாள்: 220, 400, 600, 1000 என்று. ஒவ்வொன்றையும் ஊசியின் நீளவாக்கில் மட்டும் இழுங்கள். குறுக்கே ஒரு முறைகூட வேண்டாம். முடித்ததும் கட்டைவிரல் நகத்தை நுனியிலிருந்து கழுத்துவரை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அங்கே ஒரு குறுக்குக் கீறல் இருக்கிறது, நாளைக்கு அங்கேதான் முறியும். கண்ணுக்குத் தெரியாத கீறலை நகம் காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் ஆறு ஊசிக்குச் செலவழித்த நேரத்தில் பெரும்பகுதி உருவம் வெட்டுவதில் போயிருக்கிறது. எனக்குத் தெரிந்து நல்ல ஊசியில் உருவத்துக்குக் கால் பங்கு நேரம், மீதி முக்கால் பங்கும் இந்தத் தேய்ப்புக்குத்தான். வழவழப்பு அழகுக்காகச் சொல்லவில்லை. பூட்டுக்குள் ஒரு பின், அதாவது சாவி தூக்குகிற சின்னக் கம்பித் துண்டு, அசைவது மயிரிழை அசைவு. சொரசொரப்பான ஊசி சாவித்துளையின் சுவரில் உரசிக்கொண்டே இருந்தால், எது உரசல், எது பின் என்று விரலுக்குப் புரியாது.

ஒல்லியாக்கும் ஆசையிலும் கவனம் வேண்டும். தண்டின் உயரம் 2.5 மி.மீ. இருந்ததை 2 ஆக்கினால் அதன் விறைப்பு பாதியாகிவிடும், விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிற சமாசாரம். டிப்ளமோவில் படித்திருப்பீர்கள், இப்போது கையால் தொட்டுப் பார்க்கலாம். எவ்வளவு ஒல்லியாக வேண்டும் என்பதற்கு இணையத்தில் அச்சடித்த வடிவங்களை நம்ப வேண்டாம், அவை வேறு தேசத்துச் சாவித்துளைக்கு வரைந்தவை. உங்கள் பயிற்சிப் பூட்டின் சாவியை வெர்னியரில் அளந்து பாருங்கள். அதன் தடிமன், அதன் ஓரத்தில் ஓடும் பள்ளம், ஆழமான வெட்டுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் உயரம், இந்த மூன்றும் போதும். ஊசிக்கு எவ்வளவு இடம் என்று சாவியே சொல்லிவிடும்.

ஆக்சா பிளேடைவிட நல்ல பொருள் ஒன்று உண்டு. வண்டி மெக்கானிக்குகள் டேப்பட் இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், அதாவது மெல்லிய எஃகு இலைகளின் கட்டு. ஸ்பிரிங் ஸ்டீல், பதம் முன்பே சரியாக இருக்கும், ஒவ்வொரு இலையிலும் தடிமன் பொறித்திருக்கும். 0.5, 0.6 இலைகளை எடுத்துக்கொண்டால் மணல் வாணலியே தேவைப்படாது. எல் வடிவக் கம்பிக்கு, அதாவது பூட்டின் உருளையைத் திருப்ப மெல்ல அழுத்தம் கொடுக்கும் கம்பிக்கு, கார் வைப்பர் ரப்பரின் இருபுறமும் ஓடுகிற ஸ்டெயின்லெஸ் பட்டை பிரமாதமாக இருக்கும். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் கிடைக்கும். அதைக் கூர்மையாக மடக்கினால் மடிப்பில் விரிசல் விடும். வைஸில் ஒரு 3 மி.மீ. கம்பியையும் சேர்த்துப் பிடித்து, அதைச் சுற்றி வளையுங்கள். எல்லாரும் ஊசிக்குத்தான் மெனக்கெடுகிறார்கள். கம்பி சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல ஊசியும் வீண்.

கைப்பிடிக்கு ரப்பர் குழாய் மாட்டாதீர்கள், அதிர்வை அது குடித்துவிடும். நான் ஒரு காலத்தில் கொட்டாங்குச்சியில் இரண்டு சில்லு வெட்டி, பித்தளைக் கம்பியால் ரிவிட் அடித்துக் கைப்பிடி போட்டேன். எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கறுத்து, இன்றைக்கும் கைக்கு அடக்கமாக இருக்கிறது.

சரி, திண்டுக்கல் பூட்டுக்கு வருகிறேன். உங்கள் ஊசி அதில் ஒன்றும் செய்யாததற்கு நீங்களும் காரணம் இல்லை, ஊசியும் காரணம் இல்லை. பூட்டின் ஜாதியே வேறு. சாவியை எடுத்துப் பாருங்கள். உருண்டையான தண்டு, அதன் நுனியில் கொடி கட்டினாற்போல ஒரு பட்டை, அந்தப் பட்டையில் வெட்டுகள். அப்படி இருந்தால் அது லீவர் பூட்டு. உள்ளே தகடு தகடாக நெம்புகள் ஸ்பிரிங்கோடு அடுக்கியிருக்கும். சாவி திரும்பும்போது ஒவ்வொரு தகட்டையும் அதற்கென்று வைத்த உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைவாகத் தூக்கினாலும் நகராது, கூடுதலாகத் தூக்கினாலும் நகராது. 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் இந்த இரண்டு பக்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார், லீவர் பூட்டு பாதுகாப்பானதாக ஆனது அதிலிருந்துதான். நீங்கள் செய்த கொக்கி ஊசிகளோ பின் பூட்டுக்கு உரியவை. அதன் சாவி தட்டையாக, ஒரு ஓரம் நெடுக மலைத்தொடர் மாதிரி வெட்டியிருக்கும். லினஸ் யேல் என்ற அப்பாவும் அதே பெயருடைய மகனும் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவாக்கியது. கதவு சிலிண்டர், சிறிய பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலும் இதுதான்.

அந்தத் திண்டுக்கல் பூட்டை ஊசியால் நோண்டாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையால் அராவிப் பொருத்திய பூட்டு அது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் பூட்டு மாதிரி கையால் செய்கிற பூட்டுகளை ஒருவர் உட்கார்ந்து தகடு தகடாக அராவிச் சாவியோடு பொருத்துகிறார். ஒரு சாவிக்கு ஒரு பூட்டு. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உங்களுக்கு அரத்தின்மேல் உண்மையான ஆசை இருந்தால் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறித் திண்டுக்கல் போய், ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பின் பூட்டை ஊசியால் ஏன் திறக்க முடிகிறது என்பது தெரிந்துவிட்டால் உங்கள் கை தானாகவே இளகிவிடும். சாவியோடு திரும்புகிற உருளையில் ஐந்து துளைகள் ஒரே நேர்கோட்டில் போட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பின் நின்று உருளையைத் திரும்பவிடாமல் தடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் எந்த மெஷினிலும் ஐந்தும் ஒரே கோட்டில் விழாது. ஒன்று, மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். எல் கம்பியால் உருளையை லேசாகத் திருப்பும்போது, அதிகம் விலகிய துளையில் இருக்கும் பின் முதலில் இறுகும். மற்றவை தளர்வாக ஆடும். இறுகியதை ஊசியால் சரியான உயரத்துக்குத் தூக்கினால் உருளை மயிரிழை திரும்பும், அடுத்தது இறுகும். ஒவ்வொன்றாக இப்படியே. செய்தவர் கையில் விழுந்த பிழைதான் ஊசிக்குக் கிடைக்கிற வழி. துளை எவ்வளவு துல்லியமோ அவ்வளவு கஷ்டம்.

இந்தத் துல்லியத்துக்காகப் பூட்டுக்காரர்களோடு மெஷின்காரர்களும் சேர்ந்து பாடுபட்டிருக்கிறார்கள். 1784இல் லண்டனில் ஜோசப் பிராமா ஒரு பூட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தத் துல்லியத்தைக் கையால் மட்டும் அராவிக் கொண்டுவர முடியவில்லை. அப்போது அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே. பூட்டின் பாகங்களைச் செய்ய அவர் தனி மெஷின்களைச் செய்தார். 1790இல் பிராமாவின் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, இதைத் திறக்கிற கருவியைச் செய்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) பரிசு என்று எழுதிப் போட்டார்கள். அந்தப் பூட்டும் மாட்ஸ்லே கைவேலைதான். 61 வருஷம் யாராலும் முடியவில்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், தானே கருவிகள் செய்துகொண்டு, 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்தார். அந்தப் பூட்டு இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாட்ஸ்லே வாரம் 30 ஷில்லிங் சம்பளம் கேட்டு, பிராமா கொடுக்க மறுத்ததால் 1797இல் விலகிச் சொந்தப் பட்டறை போட்டார். நாம் இன்று லேத்தில் டூலைப் பிடித்து நகர்த்துகிற ஸ்லைடு ரெஸ்டை நடைமுறைக்குக் கொண்டுவந்து பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. பூட்டு வேலையும் நம்முடைய மெஷின் வேலையும் ஒரே பட்டறையில் வளர்ந்தவை என்று பையன்களிடம் நான் சொல்லாத வருஷம் இல்லை.

லேசர் வெட்டு பற்றிக் கேட்டீர்கள். வெட்டித் தருவார்கள், அழகாகவும் இருக்கும். கை மறந்துவிடக் கூடாது என்று தொடங்கிய வேலையை மறுபடி கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பினால் திங்கட்கிழமை ஆபீஸுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வேண்டாம்.

இப்போது அம்மா. தம்பி, அவர் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். நம் மொழியில் இந்த மாதிரிச் சாமான்களுக்கு இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: சுவரில் துளை போடுவதற்குக் கன்னக்கோல், பூட்டைத் திறப்பதற்குக் கள்ளச்சாவி. நல்ல பெயர் ஒன்றுகூட இல்லை. பிள்ளை ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து இதைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். நீங்கள் செய்வது தப்பு இல்லை. ஜெர்மனியில் 1997இலேயே ஹாம்பர்க் நகரில் இதை விளையாட்டாக நடத்தச் சங்கம் ஆரம்பித்தார்கள், நெதர்லாந்திலும் இருக்கிறது, போட்டி வைக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட சட்டம் இரண்டு: உனக்குச் சொந்தமான பூட்டு, அல்லது உரியவர் வாயால் சம்மதம் சொன்ன பூட்டு, இவற்றை மட்டும் தொடு. அன்றாடம் பயன்பாட்டில் இருக்கிற பூட்டைத் தொடாதே, அது உன்னுடையதாகவே இருந்தாலும்.

அந்த இரண்டாவது சட்டம் எதற்கு என்று எனக்கு அனுபவத்தில் தெரியும். கல்யாணமான புதுசில் நாங்கள் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். அடுப்பில் பால் வேறு. நான்தான் கைத்திறமைக்காரன் ஆயிற்றே, ஓடிப்போய் என் ஊசியைக் கொண்டுவந்து விட்டேன். அவசரத்தில் எல் கம்பியை அழுத்திப் பிடித்தேன். இரண்டாவது பின்னில் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. இனி சாவி இருந்தாலும் திறக்காது. கடைசியில் ஓட்டைப் பிரித்து ஒரு பையன் உள்ளே இறங்கினான். பால் தீய்ந்து வீடெல்லாம் புகை. பூட்டைத் துளை போட்டு எடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அந்த வீட்டு அண்ணன் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குப் பூட்டு போனதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் கையில் இப்படி ஒரு சாமான் இருக்கிறது என்று தெரிந்ததுதான் உறுத்தல். அது நியாயமான உறுத்தல். அன்றிலிருந்து யார் கேட்டாலும், "சாவி போடுகிறவரைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். ஊசிக்கட்டு உங்கள் மேஜை டிராயரை விட்டு வெளியே போக வேண்டாம். ராத்திரி பையில் அதை வைத்துக்கொண்டு போகும்போது போலீஸ் நிறுத்தினால், பொழுதுபோக்கு என்ற பதில் அங்கே எடுபடாது. நண்பர்களிடம் படம் காட்டிப் பெருமைப்படுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வாயால் விளக்குவதைவிடக் கையால் காட்டுவது நல்லது. அடுத்த ஊசி செய்வதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். ஹார்டுவேர் கடையில் மலிவான பித்தளை சிலிண்டர் பூட்டு ஒன்று வாங்குங்கள். பின் அடுக்கு இருக்கிற பக்கத்தில், துளைகளின் பாதி தெரியும் அளவுக்கு வெளிச்சுவரை அராவி ஒரு ஜன்னல் திறங்கள். இதற்குப் புது அரம் எடுங்கள். புது அரத்தை முதலில் பித்தளைக்குத்தான் பழக்க வேண்டும். எஃகில் தேய்ந்த அரம் பித்தளைமேல் வழுக்கும். துளையை நெருங்கும்போது பெரிய அரத்தைக் கீழே வைத்துவிட்டு ஊசி அரத்துக்கு மாறுங்கள். துளை பாதிக்கு மேல் திறந்துவிட்டால் ஸ்பிரிங்கும் பின்னும் வெளியே குதித்துவிடும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொண்டு உட்காருங்கள், தேடுகிற வேலை மிச்சம். பிசிறை எல்லாம் எடுத்து, பித்தளைத் தூள் உள்ளே தங்காமல் மண்ணெண்ணெயில் அலசிவிடுங்கள். இந்த ஒரு வேலையிலேயே உங்கள் கை பாதி திரும்பி வந்துவிடும்.

முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, சாவியை அவர் கையிலேயே கொடுத்து மெல்ல உள்ளே தள்ளச் சொல்லுங்கள். ஐந்து பின்னும் ஏறி இறங்கி, கடைசியில் ஒரே கோட்டில் வந்து நிற்பதை அவர் பார்க்கட்டும். வீட்டு வாசல் கதவில் எந்தப் பூட்டுப் போட வேண்டும் என்று அவரே உங்களிடம் கேட்கக்கூடும்.

பயிற்சிக்கும் அதே மாதிரி இன்னொரு பூட்டு வாங்கி, பிரித்து, ஒரே ஒரு பின் மட்டும் போட்டுத் தொடங்குங்கள். அது கண்ணை மூடிக்கொண்டு திறக்க வந்த பிறகு இரண்டாவது. எல் கம்பியில் சுண்டுவிரல் எடைக்குமேல் அழுத்தம் வேண்டாம். ஊசி வளைகிறது என்றால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம், உடனே கையை எடுத்துவிடுங்கள். ஏழாவது ஊசி முறிந்தாலும் முறியாவிட்டாலும் கழுத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி வைத்து அனுப்புங்கள். கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.